வாத்தியார் இல்லாமல் கம்ப்யூட்டர் தொழில்! நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளால் முடியுமா?

வேலூரில் இருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் கண்ணமங்கலம் இருக்கிறது. ரெயிலும் உண்டு. காட்பாடியில் ஏறினால் வேலூரைத் தாண்டிக் கண்ணமங்கலம் வரும். அதே ரெயில் ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போய்ச் சேரும்.

ஆரணி வட்டாரம் என்றாலே பட்டுச் சேலைதான். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு என்ற சர்க்கார் முத்திரையும் கிடைத்திருக்கிறது. தறி ஓடுகிறது. ஆனால் தறியில் உட்காரப் பிள்ளைகளுக்கு மனம் இல்லை.

பையன் பிளஸ் டூ முடித்து விட்டான். பெண் டிப்ளமோ முடித்து விட்டாள். இருவரும் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்கிறார்கள். பயிற்சி வகுப்பில் சேர வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். கூலிக்கு நெய்கிற தகப்பனார் என்ன செய்வார்?

"வாத்தியார் இல்லாமல் தானாகவே கற்றுக் கொள்ள முடியாதா? கம்ப்யூட்டரைத் தானே பூட்டி, இணையதளத்தைத் தானே எழுதி, நாலு காசு பார்க்க முடியாதா?"

முடியும். ஆனால் இந்த நேரத்தில் அதில் இறங்குகிறவர்கள் முதலில் சில விஷயங்களைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஏன் என்றால், 2025-ம் ஆண்டில் கம்ப்யூட்டர் உலகம் தலைகீழாகப் புரண்டு விட்டது.

பட்டுத் தறியில் பிறந்தது

கம்ப்யூட்டருக்கும் பட்டுத் தறிக்கும் சொந்தம் உண்டு. அது பலருக்குத் தெரியாது.

பிரான்சு நாட்டில் லியோன் என்று ஒரு நகரம். பட்டு நெசவுக்குப் பேர் போனது. அங்கே ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர் ஜோசப் மரீ ஜக்கார்டு. அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. 13 வயது வரை எழுதப் படிக்கவே தெரியாது! அதன் பிறகு சகோதரியின் கணவர் சொல்லிக் கொடுத்தார். அந்த ஜக்கார்டுதான் 1804-ம் ஆண்டில் ஒரு புதுத் தறியைச் செய்தார். இன்றைக்கும் நெசவாளர் வீட்டில் "ஜக்கார்டு பெட்டி" என்கிறார்களே, அது அவர் பெயர்தான்.

அந்தப் பெட்டியில் என்ன நடக்கிறது? அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும். கொக்கி இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் இழை அப்படியே கிடக்கும். உண்டு, இல்லை. இந்த இரண்டே சொல்லால் மயிலும் மாங்காயும் அன்னமும் சேலையில் வந்து விடுகின்றன.

லண்டனில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதை இதைக் கண்டார். அட்டையால் மயிலை நெய்யலாம் என்றால், அட்டையால் கணக்கையும் போடலாமே என்று நினைத்தார். 1837-ம் ஆண்டு வாக்கில் ஒரு கணக்கு யந்திரத்துக்குத் திட்டம் போட்டார். அதை அவரால் முழுதாகச் செய்து முடிக்க முடியவில்லை. ஆனால் யோசனை சாகவில்லை. 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது, ஹொலரித் என்பவர் ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். இன்றைய கம்ப்யூட்டரும் அதே உண்டு, இல்லை கணக்கில்தான் ஓடுகிறது. ஓட்டைக்குப் பதில் மின்சாரம். அவ்வளவுதான்.

ஆகவே அட்டை கட்டிய தறியைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்த பிள்ளை, கம்ப்யூட்டரைக் கண்டு மிரள வேண்டியது இல்லை. பட்டணத்துப் பிள்ளைக்குப் புரியாத ஒன்று அவனுக்கு முன்பே தெரியும்.

பார்க்காத யந்திரத்தைச் செய்தார்கள்

நம் நாட்டின் முதல் கம்ப்யூட்டரும் கிட்டத்தட்டத் தானாகக் கற்றுக் கொண்டவர்கள் செய்ததுதான்.

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன், கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1954-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சில வாலிபர்களைச் சேர்த்துக் கொண்டு கம்ப்யூட்டர் செய்யப் புறப்பட்டார். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் கம்ப்யூட்டரைத் தொட்டது கூட இல்லை! வெளிநாட்டில் இருந்து வந்த புத்தகங்களையும் கட்டுரைகளையும் படித்தார்கள். முதலில் பரீட்சார்த்தமாக ஒரு சிறு யந்திரம் செய்தார்கள். அது ஓடிய பிறகுதான் பெரியதில் கை வைத்தார்கள்.

1960-ம் ஆண்டில் பெரிய யந்திரம் தயாராகி விட்டது. அதில் இருந்த வால்வுகள் மட்டும் சுமார் 2,700. பிரதமர் நேரு 1962-ல் அதற்கு "டிப்ராக்" என்று பெயர் சூட்டினார். ஆனால் 1965-க்குள் அதன் காலம் முடிந்து போயிற்று. அதைவிட வேகமான யந்திரங்கள் வெளிநாட்டில் வந்து விட்டன. யந்திரம் போனாலும், அதைச் செய்தவர்கள் கற்றது வீண் போகவில்லை.

இன்னொருவர் கதை இதைவிட எளிது. அமெரிக்காவில் ஸ்டீவ் வோஸ்னியாக் என்ற மாணவர். கம்ப்யூட்டர் செய்ய ஆசை. பாகங்கள் வாங்கக் காசு இல்லை. என்ன செய்தார்? காகிதத்திலேயே வரைந்து பார்த்தார். குறைந்த பாகங்களை வைத்து அதே வேலையை எப்படிச் செய்யலாம் என்று திரும்பத் திரும்ப வரைந்தார். 1976-ல் "ஆப்பிள்" கம்பெனியின் முதல் கம்ப்யூட்டரைச் செய்தவர் அவர்தான்.

பூட்டுவது எப்படி?

இன்றைக்கு வால்வு வாங்கிப் பற்ற வைக்க வேண்டிய அவசியம் இல்லை. பாகங்கள் தனித் தனியாகக் கடையில் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தினால் கம்ப்யூட்டர்.

மதர்போர்டு என்ற பலகை. அதன் நடுவில் பிராசசர். கணக்குப் போடுவது இதுதான். பக்கத்தில் ராம் என்ற நினைவுப் பட்டை. வேலை நடக்கும்போது தேவையானதைக் கையில் வைத்துக் கொள்வது. அப்புறம் எஸ்.எஸ்.டி.; இது பீரோ மாதிரி, மின்சாரம் நின்றாலும் உள்ளே வைத்தது போகாது. இவற்றுக்கு மின்சாரம் கொடுக்க எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. சூட்டைத் தணிக்கக் காற்றாடி. எல்லாவற்றையும் மூட ஒரு கூடு.

எந்தச் செருகி எந்தப் பள்ளத்தில் போகும் என்பதற்குப் பெரும்பாலும் வெட்டு அடையாளம் இருக்கும். அழுத்திப் பார்த்துப் போகவில்லை என்றால் நிறுத்தி விட வேண்டும். பலம் காட்டினால் பாகம் போய்விடும். பிராசசர் மேல் பசை தடவிக் காற்றாடியை மாட்டுவது ஒன்றுதான் முதல் தடவை கை நடுங்க வைக்கும் வேலை.

இரண்டு ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகும் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் வருகிறது அல்லவா? அந்த மின்சாரம் உடம்பில் தங்கி, விரல் வழியாகப் பாய்ந்தால், மனிதனுக்குச் சுருக்கென்று கூட இருக்காது. ராம் செத்துப் போகும். ஆகவே பட்டு நூல் குவிந்து கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பிரிக்கக் கூடாது. பருத்தி உடை நல்லது. வேலை தொடங்கும் முன் இரும்புக் கூட்டைத் தொட்டுக் கொள்ள வேண்டும்.

இன்னொன்று, எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே மின்சாரம் தங்கி இருக்கும். ஆளைக் கொல்லவும் கூடும். கெட்டுப் போனால் வேறு வாங்கி மாட்ட வேண்டுமே தவிர, வீட்டில் அதைத் திறக்கவே கூடாது.

பழையது மலிவு, புதியது யானை விலை!

இப்போது நிலவரத்துக்கு வருவோம்.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு "விண்டோஸ் 10" என்ற மென்பொருளுக்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தி விட்டது. தனியாகப் பதிவு செய்து கொண்டவர்களுக்கு மட்டும் இன்னும் ஓராண்டு பாதுகாப்பு. அடுத்ததான "விண்டோஸ் 11" எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறாது. 2017-க்கு முன் செய்த யந்திரங்களில் பெரும்பாலானவற்றை அது ஏற்றுக் கொள்வதில்லை. ஆகவே ஆபீசுகளும் கம்பெனிகளும் நல்ல யந்திரங்களைக் கூடப் பழைய கடைக்குத் தள்ளுகின்றன.

அதே சமயம் புதுக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய ராம் விலை 2025 கடைசியில் ஒன்றுக்கு இரண்டாகப் பறந்தது. காரணம் என்ன? உலகத்துக்கு வேண்டிய ராமில் பெரும் பகுதியைச் செய்வது மூன்றே கம்பெனிகள்: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவு யந்திரங்களை ஓட்டும் பெரிய கம்பெனிகள், கிடைக்கும் ராமை எல்லாம் அள்ளிக் கொண்டு போகின்றன. "குரூஷியல்" என்ற பெயரில் பொது ஜனங்களுக்கு விற்று வந்த வியாபாரத்தையே விட்டு விடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. தங்கம் விலை ஏறினால் ஜரிகை விலை ஏறுகிறது. எங்கோ இருக்கும் யந்திரத்துக்குப் பசி எடுத்தால் இங்கே ராம் விலை ஏறுகிறது!

இதில் இருந்து என்ன தெரிகிறது? கற்றுக் கொள்கிற பிள்ளை புதுப் பாகங்கள் வாங்க இது நேரம் அல்ல. ராம் உள்ளேயே இருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். வாங்கும்போது கடையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்து, தூசு தட்டி, படம் எடுத்து வைத்துக் கொண்டு, மறுபடியும் பூட்ட வேண்டும். மூன்று தடவை இப்படிச் செய்தவனுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் புதிது அல்ல.

அதில் "லினக்ஸ்" என்ற மென்பொருளை ஏற்றலாம். அதற்கு விலை இல்லை. பழைய யந்திரத்திலும் ஓடும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்தார்களே, அவற்றில் எத்தனையோ இன்று பரண் மேல் கிடக்கின்றன. சிறிய ரக லினக்சை ஏற்றிப் பார்த்தால் சில உயிர் பிழைக்கும். பாட்டரி பருத்து இருந்தால் மட்டும் தொடக் கூடாது, தீப்பிடிக்கும்.

இணையதளம் எழுத இங்கிலீஷ் வேண்டுமா?

இணையதளம் என்பதை உலகத்துக்குக் கொடுத்தவர் இங்கிலாந்துக்காரரான டிம் பெர்னர்ஸ் லீ. அவர் ஆக்ஸ்போர்டில் படித்தபோது, ஒரு பழைய டெலிவிஷன் பெட்டியையும் பற்ற வைக்கும் கம்பியையும் வைத்துக் கொண்டு தானே ஒரு கம்ப்யூட்டர் செய்தார். (அவருடைய தாயும் தகப்பனாரும் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள். வீட்டிலேயே வாத்தியார் இருந்தார் என்றும் சொல்லலாம்.) பிறகு ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தபோது, 1991-ல் முதல் இணையதளத்தை வெளியிட்டார். 1993 ஏப்ரல் 30-ந் தேதி, இதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்து விட்டது. கண்ணமங்கலத்துப் பிள்ளை இன்று யாரையும் கேட்காமல் இணையதளம் எழுதலாம் என்றால், அந்த ஒரு அறிவிப்புதான் காரணம்.

எழுத வேண்டியது மூன்று. எச்.டி.எம்.எல். என்பது எது தலைப்பு, எது படம், எது பத்தி என்று சொல்வது. சி.எஸ்.எஸ். என்பது நிறமும் அளவும் சொல்வது. ஜாவாஸ்கிரிப்ட் என்பது பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது. முதல் இரண்டுக்கும் தேவையான இங்கிலீஷ் சொற்கள் ஒரு நோட்டுப் பக்கத்தில் அடங்கி விடும். சேலையின் பெயர், விவரம், விலை எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம்.

தமிழிலேயே எழுதலாம் என்ற இந்த நிலைமை சும்மா வந்து விடவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்று ஒரு தமிழ் ஆசிரியர் இருந்தார். கதைகள் எழுதியவர். கம்ப்யூட்டர் என்ஜினீயர் அல்ல. அவர் தானே முயன்று கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தைக் கொண்டு வந்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் வெளியிட்டார்கள். அதில் தமிழும் இடம் பெற அவர் காரணமாக இருந்தார். 1999-ல் அவர் காலமாகி விட்டார்.

சுவிட்சர்லாந்தில் இருக்கும் கு. கல்யாணசுந்தரம் ரசாயன விஞ்ஞானி. அவரும் தமிழ் எழுத்துரு ஒன்றைச் செய்தார். 1998 பொங்கல் அன்று "மதுரைத் திட்டம்" தொடங்கியது. பழந்தமிழ் நூல்கள் இணையத்தில் ஏறின. கோவிந்தசாமிக்குச் சோறு போட்டது வாத்தியார் வேலை. கல்யாணசுந்தரத்துக்கு ரசாயனம். கம்ப்யூட்டர் இருவரும் ஓய்வு நேரத்தில் கற்றது.

இப்போது கற்றுக் கொள்கிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 2012 முதல் "கணியம்" என்ற மின்னிதழ் லினக்ஸ், எச்.டி.எம்.எல். முதலியவற்றைத் தமிழிலேயே இலவசமாகச் சொல்லித் தருகிறது. ரெயில் பாதையின் மறு கோடியில் இருக்கும் விழுப்புரத்தில், விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு என்ற அமைப்பு கிராமத்து மாணவர்களுக்குக் காசு வாங்காமல் கற்பிக்கிறது. தானாகக் கற்பது என்றால் தனியாகக் கற்பது என்று அர்த்தம் இல்லை. சந்தேகம் வந்தால் கேட்க நாலு பேர் வேண்டும். செல்போனில் வீடியோ பார்த்துக் கொண்டே இருந்தால் கற்றது போலத் தோன்றும்; கையால் எழுதிப் பார்த்தால்தான் எங்கே தப்பு என்று தெரியும்.

வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இதுதான். மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

பத்து வருஷத்துக்கு முன் இருந்த நிலைமை இன்று இல்லை. ஒரு வரி சொன்னால் இணையதளத்தையே எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்கள் வந்து விட்டன. நாட்டின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான டி.சி.எஸ்., சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக 2025 ஜூலையில் சொன்னது. "மூன்று மாதம் படித்தால் சென்னையில் வேலை நிச்சயம்" என்று யாராவது பணம் கேட்டால், அந்த நிச்சயத்தைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

பட்டம் இல்லாதவர்களுக்குக் கதவு முழுக்க மூடி விட்டது என்றும் சொல்ல முடியாது. சோஹோ கம்பெனி பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித் தொகையும் கொடுத்துப் பயிற்சி தருகிறது. ஆனால் அங்கே இடம் கொஞ்சம், போட்டி அதிகம்.

யந்திரமே எழுதிக் கொடுக்கிறது என்றால் பிள்ளை ஏன் கற்க வேண்டும்? ஜக்கார்டு பெட்டி வந்தபோது, தறி மேல் உட்கார்ந்து கயிறு இழுத்த பையன்களுக்கு வேலை போயிற்று. இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கிறவனுக்கு வேலை போகவில்லை. யந்திரம் எழுதிய இணையதளத்தில் சேலை விலை தப்பாகப் போனால், பணம் கட்டும் இடத்தில் ஓட்டை இருந்தால், அதைப் படித்துப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். அந்த அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சேலை யாருடையது?

சென்னை வேலையை நம்பிப் படிப்பதை விட, வீட்டுத் தொழிலுக்காகப் படிப்பதில் நஷ்டம் குறைவு. அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

"இணையதளம் வைத்தால் நெசவாளரே நேராக விற்கலாம்" என்று மேடையில் பேசுகிறார்கள். கூலிக்கு நெய்கிறவருக்குப் பட்டு நூலும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது. தறியில் ஓடும் சேலை முதலாளியுடையது. அதை நெசவாளர் எப்படி விற்பார்? முதலில் ஒரு பாவுக்கு வேண்டிய பட்டும் ஜரிகையும் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். பாவு முடிந்து, சேலை விற்று, பணம் திரும்பும் வரை குடும்பம் தாங்க வேண்டும். இணையதளம் எழுதும் செலவு அதற்கு முன் ஒரு தூசு. ஒரு வீட்டால் முடியாததை நாலைந்து வீடுகள் கூடியோ, கூட்டுறவுச் சங்கத்தின் மூலமோ செய்யலாம். பிள்ளை கற்ற வித்தை அங்கேதான் பயன்படும்.

வாங்குகிறவருக்கும் பயம் இருக்கிறது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கிறார்கள். கலப்பு நூலைப் பட்டு என்கிறார்கள். பணம் வாங்கிக் கொண்டு சேலையே அனுப்பாத போலிக் கடைகளும் இணையத்தில் உண்டு. பட்டு முத்திரைச் சீட்டு, புவிசார் குறியீட்டுக்கு உரிய பதிவு, தறியில் சேலை ஓடும்போதே எடுத்த வீடியோ இவற்றைப் போட்டால் நம்பிக்கை பிறக்கும். படத்தை விளக்கு வெளிச்சத்தில் எடுக்காமல் பகல் வெளிச்சத்தில் நிழலில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அரக்கு நிறம் சிவப்பாகத் தெரியும். சேலை திரும்பி வரும். போக வரக் கூரியர் செலவு தலையில் விழும்.

இணையதளத்துக்கு ஒரு முகவரி வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் இருந்து கிடைக்கிறது. ".இந்தியா" என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு. அதைக் குடும்பத்தின் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ பதிவு செய்ய வேண்டும். செய்து கொடுக்கும் வெளி ஆளின் பெயரில் விட்டு வைத்தால், அவரோடு மனஸ்தாபம் வந்த அன்று கடையே அவர் கைக்குப் போய் விடும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். தேதி தவறி, கெடுவும் கடந்து விட்டால், அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கிக் கொள்ளலாம்.